ஓரத்தில் தெரிந்த எழுத்து: கேம்பிரிட்ஜிலிருந்து சீனாய்க்கு

முதல் நாள், திங்கள். கேம்பிரிட்ஜ்

காலை பத்து மணிக்கு நானும் அக்காவும் வெஸ்ட்மின்ஸ்டர் கல்லூரி வாசலில் நின்றோம். சிவப்புச் செங்கல் கட்டடம், புல்லெல்லாம் வெள்ளையாய் உறைபனி. முன்கூட்டியே மெயில் போட்டு அனுமதி வாங்கியிருந்ததால் உள்ளே விட்டார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு பெண்களின் ஓவியங்கள் மாட்டியிருக்கின்றன. அவற்றைப் பார்க்கத்தான் நாகர்கோவிலிலிருந்து இங்கே வந்தேன்.

ஆக்னஸ் ஸ்மித் லூயிஸ், மார்கரெட் டன்லப் கிப்சன். இரட்டைப் பிள்ளைகள். 1843-ல் ஸ்காட்லாந்தில் இர்வின் என்ற ஊரில் பிறந்தார்கள். பிறந்து சில வாரத்தில் தாய் இறந்துவிட்டாள். வக்கீலான அப்பாதான் வளர்த்தார். ஒரு நாட்டின் மொழியைப் படித்தால் அந்த நாட்டுக்குக் கூட்டிப் போவேன் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்தாராம். இருவரும் விடாமல் படித்திருக்கிறார்கள்.

"இதுல யாரு மூத்தவ?" என்று அக்கா கேட்டாள். ஆக்னஸ்தான் மூத்தவர் என்றேன். "பாத்தாலே தெரியுது" என்றாள். அக்காமார்களுக்கு மற்ற அக்காமார்களை அடையாளம் தெரிந்துவிடும் போலிருக்கிறது.

அக்கா இங்கிலாந்தில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நான் ஊரில் ஒரு அச்சகத்தில் முப்பது வருஷம் புரூஃப் பார்த்தவள். ஒரு கிறிஸ்தவப் பத்திரிகைக்குப் புரூஃப் திருத்தும்போதுதான் ஆக்னஸ் பெயரை முதலில் பார்த்தேன். வேதத்தின் பழைய சீரிய (சிரியாக் மொழி) மொழிபெயர்ப்பை எகிப்தின் சீனாய் மலை மடத்தில் கண்டெடுத்தவர் என்று ஒரே ஒரு வரி. அந்த வரியில் ஆண்டு 1829 என்று அச்சாகியிருந்தது. 1892 என்று திருத்தினேன். பத்து வருஷமாக அந்த அம்மாவை விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கல்லூரிக்கு இடம் வாங்கிக் கொடுத்ததும் கட்டப் பணம் கொடுத்ததும் இந்தச் சகோதரிகள்தான். 1899-ல் திறந்தார்கள். அன்று பிரஸ்பிட்டேரியன் சபைக்குப் போதகர்களை உருவாக்கிய கல்லூரி. அதே ஊரில் இருக்கும் பல்கலைக்கழகம் இவர்களுக்கு ஒரு பட்டமும் தரவில்லை. கேம்பிரிட்ஜ் பெண்களுக்குப் பட்டம் கொடுக்க ஆரம்பித்ததே 1948-ல். ஆக்னஸ் 1926-ல் இறந்துவிட்டார், மார்கரெட் அதற்கு ஆறு வருஷம் முன்பே. ஜெர்மனியில் ஹாலே பல்கலைக்கழகம் 1899-ல் ஆக்னஸுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு படித்த அதே ஹாலே. பிறகு செயின்ட் ஆண்ட்ரூஸ், ஹைடெல்பெர்க், டப்ளின் என்று வரிசையாக வந்தன. பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் வாய் திறக்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆற மாட்டேன் என்கிறது.

மத்தியானம் செஸ்டர்டன் லேனில் அவர்கள் வாழ்ந்த காஸில்ப்ரே வீட்டைத் தேடிப் போனோம். இப்போது கிளேர் கல்லூரி மாணவர்கள் தங்குகிறார்கள். வாசலில் சைக்கிள்கள் சாய்ந்து கிடந்தன. உள்ளே போக முடியாது, தெருவில் நின்றே பார்த்தோம். இந்த வீட்டுக்குத்தான் 1892 கோடையில் பர்க்கிட் என்ற இளம் அறிஞர் மனைவியோடு விருந்துக்கு வந்தார். ஆக்னஸ் சீனாயில் எடுத்து வந்த புகைப்படங்கள் சிலவற்றைக் கொண்டுபோய்ப் பேராசிரியர் பென்ஸ்லியிடம் காட்டினார். பார்த்த இருவருக்கும் தலைகால் புரியவில்லை.

ஏன் என்று சொல்ல இன்னும் மூன்று நாள் பயணம் இருக்கிறது. நாளை கெய்ரோவுக்கு விமானம்.

இரண்டாம் நாள், செவ்வாய்

நாள் முழுக்க விமான நிலையத்திலும் விமானத்திலும் போயிற்று. எழுத ஒன்றுமில்லை. அக்கா ஜன்னலோரம் தூங்கினாள். நான் சீரிய எழுத்துகளை மறுபடி மறுபடி எழுதிப் பார்த்தேன். மொத்தம் 22 எழுத்து, வலமிருந்து இடமாக எழுத வேண்டும். ஆறு மாதமாகப் படிக்கிறேன், இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறேன்.

எங்கள் மாவட்டத்தில் இதற்குச் சுரியானி என்று பெயர். திருவிதாங்கோடு அரப்பள்ளித் தேவாலயம் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம். மலங்கரை சபையின் பழைய ஆராதனை மொழி இதுதான். இயேசு பேசிய அரமேயத்தின் நெருங்கிய உறவு மொழி. சின்ன வயதில் அந்தப் பள்ளியில் ஒரு திருமணத்துக்குப் போய், புரியாத பாட்டைக் கேட்டது ஞாபகம் இருக்கிறது. அந்த மொழிக்கு இப்படி ஒரு வழியாகத் திரும்பி வருவேன் என்று நினைத்ததில்லை.

ஆக்னஸ் சீரியம் படிக்க ஆரம்பித்தது 1891-ல் கணவர் இறந்த பிறகு. அப்போது வயது 48. கிரேக்கம், எபிரெயம், அரபு எல்லாம் அதற்கு முன்பே கைவசம் இருந்தன. அதிலும் கிரேக்கத்தைப் புத்தகக் கிரேக்கமாக இல்லாமல் ஏதென்ஸ் தெருவில் பேசுகிற மாதிரியே பேசுவார். இந்தக் கதையில் அது பெரிய விஷயம்.

மூன்றாம் நாள், புதன். கெய்ரோ

காலையில் தெருவோரக் கடையில் தாமியாவும் ரொட்டியும். நம் பருப்பு வடைக்குத் தூரத்துச் சொந்தம், மொச்சை போன்ற ஒரு பயறில் செய்கிறார்கள், உள்ளே பச்சைப் பசேல் என்று கொத்துமல்லி. அப்புறம் மெட்ரோவில் ஏறி மார் கிர்கிஸ் நிலையத்தில் இறங்கினோம். பழைய கெய்ரோ. ஒரு கோட்டைச் சுவருக்குள்ளேயே தொங்கும் தேவாலயமும், இன்னும் பல கோவில்களும், பென் எஸ்ரா யூத ஜெபஆலயமும் அடுத்தடுத்து நிற்கின்றன.

பென் எஸ்ராவில் மேலே பெண்கள் மாடம். அதன் ஒரு கோடியில் ஏணி வைத்து ஏறிப் போகும் ஓர் இருட்டறை இருந்தது. கடவுளின் பெயர் எழுதிய தாளை யூதர்கள் கிழித்தெறிய மாட்டார்கள். பயன்படாத ஏடுகளையெல்லாம் அந்த அறைக்குள் போட்டுவிடுவார்கள். கெனிசா என்பது அதுதான். வேத ஏடுகளோடு கடன் சீட்டு, கல்யாணப் பத்திரம், வியாபாரக் கடிதம் என்று ஏறக்குறைய ஆயிரம் வருஷம் சேர்ந்தது. மேலே போக எங்களை விடவில்லை. கீழே நின்று அந்த மாடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

1896-ல் சகோதரிகள் இந்தப் பக்கத்துக்கு வந்தபோது வியாபாரிகளிடம் ஒரு கட்டுப் பழைய ஏடுகளை வாங்கிப் போனார்கள். கேம்பிரிட்ஜில் சாலமோன் ஷெக்டர் என்ற யூத அறிஞரிடம் காட்டினார்கள். அதில் ஒரு கிழிந்த தாளைப் பார்த்ததும் அவர் கை நடுங்கியிருக்க வேண்டும். சீராக்கின் ஞானம் என்ற நூலின் எபிரெய மூலம் அது. கத்தோலிக்கர் வேதத்தில் இருக்கும், எங்கள் சி.எஸ்.ஐ. வேதத்தில் இல்லாத நூல். அதுவரை கிரேக்கம், சீரியம் போன்ற மொழிபெயர்ப்புகளில்தான் கைக்குக் கிடைத்தது. எபிரெய மூலம் தொலைந்தே போயிற்று என்று பல நூற்றாண்டாக நினைத்திருந்தார்கள். அந்த ஒரு தாளின் தடம் பிடித்து ஷெக்டர் கெய்ரோவுக்கு வந்து, இந்த அறையைக் காலி செய்து, 1,90,000-க்கும் மேற்பட்ட துண்டுகளைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். மத்தியதரைக் கடல் பக்கத்து மனிதர்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன் என்ன சாப்பிட்டார்கள், என்ன விலைக்கு வாங்கினார்கள் என்பதுவரை இன்று தெரிகிறது என்றால் ஆரம்பம் அந்தத் தாள்தான்.

சகோதரிகள் சேர்த்த சுமார் 1,700 துண்டுகள் வெஸ்ட்மின்ஸ்டர் கல்லூரியில் இருந்தன. கல்லூரி 2013-ல் அவற்றை விற்றது. ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் போட்டி போடாமல் சேர்ந்து 12 லட்சம் பவுண்டுக்கு வாங்கின. பிரிந்து போகாமல் இருந்ததே நல்லது. ஆக்னஸ் பெயரோடு சேர்த்துச் சொல்லும் இன்னொரு ஏடு, கோடெக்ஸ் கிளிமாசி, 2010-ல் அமெரிக்காவுக்கு விற்கப்பட்டுவிட்டது. அதை அவர் 1909-ல் பதிப்பித்தார். அதில் அழித்து மேலெழுதப்பட்ட பழைய அடி எழுத்தில் ஹிப்பார்க்கஸ் என்ற கிரேக்க வானியலார் நட்சத்திரங்களின் இடத்தை அளந்த குறிப்பு இருப்பதை 2022-ல்தான் வெளியிட்டார்கள். அந்தக் குறிப்பு பல வருஷம் ஆக்னஸ் கையில் இருந்த ஏட்டுக்குள்ளேயே கிடந்திருக்கிறது. அந்தக் காலத்தில் அதைக் காட்டுகிற கருவி இல்லை.

நான்காம் நாள், வியாழன். பாலைவனச் சாலை

விடியற்காலை ஐந்துக்கே வண்டி வந்திருக்க வேண்டும். ஏழரைக்குத்தான் வந்தது. அமர்த்திய இடத்தில் யாரும் போன் எடுக்கவில்லை. அக்காவுக்கு அதில் ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. ஓட்டுநர் நல்ல மனிதர், வழி முழுக்க மன்னிப்புக் கேட்டபடியே ஓட்டினார்.

சூயஸ் கால்வாய்க்கு அடியில் சுரங்கச் சாலையில் நுழைந்து வெளியே வந்தால் சீனாய். செக்போஸ்டுக்குச் செக்போஸ்ட் பாஸ்போர்ட் காட்டினோம். மோசேயின் ஊற்றுகள் என்ற இடத்தில் நிறுத்தினோம். பேரீச்ச மரங்கள், சில கிணறுகள், மணிமாலை விற்கும் பெதூயின் பெண்கள். அந்தக் காலத்தில் ஒட்டகக் கூட்டங்கள் தங்கும் முதல் இடம்.

எங்களுக்கு ஏழெட்டு மணி நேரம் ஆன வழி, 1892-ல் சகோதரிகளுக்கு ஒட்டகத்தில் ஒன்பது பத்து நாள் ஆயிற்று. 49 வயது. இருவரும் விதவைகள். கூடாரம், சமையல்காரர், ஒட்டகக்காரர்கள், கூடவே கேமராவும் ஃபிலிமும். கேமராப் பிடிக்கக் கற்றுக் கொடுத்தவர் ரெண்டல் ஹாரிஸ். அவர் 1889-ல் அதே மடத்தில் அரிஸ்டைடிஸ் என்பவரின் தொலைந்துபோன நூல் ஒன்றைச் சீரியத்தில் கண்டெடுத்தவர். மடத்தில் ஒரு இருட்டு அலமாரியறையில் சீரிய ஏடுகள் கிடக்கின்றன, எனக்குப் பார்க்க நேரமில்லாமல் போயிற்று என்று ஆக்னஸிடம் சொன்னார். ஒரு அறிஞர் தனக்குத் தெரிந்த இடத்தை இப்படி இன்னொருவருக்குக் காட்டிக் கொடுப்பது சாதாரணமில்லை. அவரை நினைத்தால் மனதுக்கு இதமாக இருக்கிறது.

அபு செனிமா தாண்டியதும் கடல் மறைந்தது. பிறகு பாறை, பாறை, பாறை. சிவப்பு, பழுப்பு, ஒரு இடத்தில் கத்தரிப்பூ நிறம். ஃபெய்ரான் பள்ளத்தாக்கில் திடீரென்று பேரீச்சந் தோப்பு. இஸ்ரவேலர் ரெவிதீமில் பாளயமிறங்கினார்கள் என்று சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் படித்தோமே, அது இந்தப் பள்ளத்தாக்குதான் என்று பலர் சொல்வார்கள். அக்கா இறங்கி ஒரு கல்லை எடுத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்து திரும்ப வைத்துவிட்டாள்.

"எடுத்துக்கயேன்" என்றேன்.

"வேண்டாம்ட்டி. எல்லாரும் எடுத்தா என்ன மிஞ்சும்?"

இருட்டும் நேரத்தில் புனித கேத்தரின் ஊர் வந்து சேர்ந்தோம். எலும்புக்குள் இறங்குகிற குளிர். விடுதியில் ஹீட்டர் பெயருக்குத்தான் ஓடுகிறது.

ஐந்தாம் நாள், வெள்ளி. மலை

வெள்ளிக்கிழமை மடம் திறக்காது. அதனால் இன்றைக்கு மலை என்று முதலிலேயே திட்டம். இரவு இரண்டு மணிக்குப் பெதூயின் வழிகாட்டியோடு கிளம்பினோம். அக்கா பாதி வழி ஒட்டகத்தில் வந்தாள், கடைசி 750 படியை என் கையைப் பிடித்து ஏறினாள். 2,285 மீட்டர். உச்சியில் ஒரு சிறு கோவில், பக்கத்தில் ஒரு சிறு மசூதி. வாடகைக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சூரியன் வருவதைப் பார்த்தோம். பத்துக் கட்டளையில் நான்காவது வரை சொல்லும்போதே அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. மலையைப் பற்றி ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள், நான் நிறுத்திக்கொள்கிறேன்.

சாயங்காலம் விடுதியில், கால் வலியோடு, கையில் டாப்லெட்டோடு எழுதுகிறேன். ஆக்னஸ் கண்டதைச் சொல்லிவிடலாம்.

மடத்துக்கு வந்தவர்கள் தோட்டத்தில் கூடாரம் அடித்தார்கள். ஆக்னஸ் துறவிகளிடம் கிரேக்கத்தில் பேசினார். வந்துபோன மேற்கத்திய அறிஞர்கள் பலர் ஹோமரின் கிரேக்கத்தை அறிந்தவர்கள், ஆனால் ஒரு துறவியிடம் நலம் விசாரிக்கத் தெரியாதவர்கள். நூலகர் கலாக்தியோன் மகிழ்ந்துபோய் ஏடுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். ஹாரிஸ் சொன்ன அறையில், அழுக்கேறி, பல பக்கங்கள் ஒட்டிப்போன ஒரு தடித்த தோல் ஏடு. நூற்றாண்டுகளாக யாரும் பிரித்ததாகத் தெரியவில்லை. தேநீர் கெட்டிலின் ஆவியைக் காட்டித்தான் சில பக்கங்களைப் பிரிக்க முடிந்தது.

மேலே தெளிவாகத் தெரிந்த எழுத்து பெண் புனிதர்களின் வரலாறு. எட்டாம் நூற்றாண்டில் யோவான் என்ற துறவி எழுதியது. தோல் விலை அதிகம். ஆகவே பழைய ஏட்டின் மையைச் சுரண்டிக் கழுவிவிட்டு அதன் மேலேயே எழுதுவார்கள். பாலிம்ப்செஸ்ட் என்பார்கள். நம் ஓலைச்சுவடியில் இது நடக்காது. எழுத்தாணி ஓலையைக் கீறிவிடுகிறது, கீறலை அழிக்க வழியில்லை. ஓலை நைந்தால் புதுப் பிரதி எழுதிக்கொண்டு பழையதை விட்டுவிடுவோம், அதோடு அது போயிற்று. தோலில் அப்படியில்லை. கழுவினாலும் மையின் சாயல் உள்ளே தங்கிவிடுகிறது.

ஆக்னஸ் பார்த்தது இதைத்தான். மேல் எழுத்து ஒரே பத்தியாக இருந்தது. அடியில் மங்கலாக இரண்டு பத்திகள். அந்த இரண்டில் ஒன்று மட்டும் எப்போதும் ஓரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. யோவானின் பேனா போகாத ஓரம். அங்கே வாசிக்க முடிந்தது. வாசித்த ஒவ்வொரு வார்த்தையும் சுவிசேஷ வார்த்தை. பக்கத்தின் உச்சியில் சில இடங்களில் எவங்கெலியோன் (சுவிசேஷம்), மத்தேயு, லூக்கா என்ற தலைப்புகள்.

நான் இந்தப் பெண்ணிடம் மனதைக் கொடுத்தது இந்த இடத்தில்தான். புரூஃப் பார்ப்பவர்களுக்கு ஓரம் முக்கியம். பத்தியின் நடுவைக் கண் தானாக வாசித்துவிடும், பிழை ஓரத்தில், வரி உடையும் இடத்தில் ஒளிந்திருக்கும். எனக்கு வேலை கற்றுக் கொடுத்த அண்ணாச்சி முதல் நாளே ஸ்கேலை எடுத்து மார்ஜினில் வைத்து, இங்கிருந்து ஆரம்பி என்றார்.

அடியில் இருந்தது நான்கு சுவிசேஷங்களின் மிகப் பழைய சீரிய மொழிபெயர்ப்பு. எழுதப்பட்டது நான்காம் நூற்றாண்டின் கடைசி வாக்கில், மொழிபெயர்ப்பு அதற்கும் முந்தியது. 1842-ல் எகிப்திலிருந்து லண்டன் போன ஒரு குறைப்பிரதி தவிர இதற்கு வேறு துணை அன்றைக்கு இல்லை. பென்ஸ்லிக்கும் பர்க்கிட்டுக்கும் தலைகால் புரியாமல் போனது இதனால்தான். பிரிக்கப்பட்டவர்களின் சுவிசேஷம் என்று தன் பெயரைத் தானே எழுதி வைத்திருக்கிற ஏடு இது. நான்கையும் ஒன்றாகப் பின்னிய தாசியான் என்பவரின் நூல்தான் சீரிய சபைகளில் அப்போது புழக்கத்தில் இருந்தது. அதிலிருந்து வேறுபடுத்தி, இது நால்வரும் தனித்தனியே என்று சொல்லும் பெயர்.

இதில் மாற்கு சுவிசேஷம் 16-ம் அதிகாரம் எட்டாம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது. கல்லறைக்குப் போன பெண்கள் பயந்து ஓடினார்கள், யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான், அடுத்து லூக்கா. நம் வேதத்தில் அதன் பிறகு வரும் பன்னிரண்டு வசனங்கள் இல்லை. மத்தேயு முதல் அதிகாரம் 16-ம் வசனத்தில் இன்னும் சிக்கல். கன்னி மரியாள் யாருக்கு நியமிக்கப்பட்டிருந்தாளோ அந்த யோசேப்பு இயேசுவைப் பெற்றான் என்று வருகிறது. இது வெளியானபோது இங்கிலாந்தில் பெரிய சர்ச்சை. ஆக்னஸ் விசுவாசி. பயந்து மூடி வைக்கவில்லை, 1894 பதிப்பிலேயே உள்ளது உள்ளபடி அச்சேறியது. வம்ச அட்டவணை சட்டப்படியான தகப்பனைச் சொல்கிறது, இரண்டு வசனம் தள்ளி வரும் கன்னிப் பிறப்பை இந்த ஏடும் மறுக்கவில்லை என்பது அவருடைய வாதம். வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். தன் நம்பிக்கைக்கு இடறலாகத் தோன்றும் எழுத்தை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் கொடுத்த நேர்மைதான் எனக்குப் பெரிது.

முதல் பயணத்தில் அந்த ஏட்டில் மட்டும் 350-க்கும் மேற்பட்ட பக்கங்களைப் படமெடுத்தார்கள். 1893-ல் பென்ஸ்லி, பர்க்கிட், ஹாரிஸ் எல்லாரோடும் திரும்பி வந்தார்கள். துறவிகளின் சம்மதத்தோடு, மங்கிய எழுத்தை எழுப்பும் ஒரு நாற்றமடிக்கும் ரசாயனத்தை ஆக்னஸ் தூரிகையால் தடவினார். ஊர் திரும்பிய சில நாளில் பென்ஸ்லி இறந்துவிட்டார். கண்டெடுத்தது யார் என்பதில் மனக்கசப்பும் வந்தது. சாப்பாட்டு மேசையில் வெண்ணெய்க்கு அடியில் தாளாக வைத்திருந்ததைத் தற்செயலாகப் பார்த்தார் என்று ஒரு கட்டுக்கதைகூடப் பரவி, இன்றுவரை புத்தகங்களில் வருகிறது. பொய். மடத்தாரையும் கேவலப்படுத்துகிற பொய், ஆக்னஸின் படிப்பையும் தற்செயலாக்குகிற பொய்.

அதன் பிறகும் அவர் விடவில்லை. மொத்தம் ஆறு முறை சீனாய்க்கு வந்தார், கடைசியாக 1906-ல், 63 வயதில். மடத்துச் சீரிய ஏடுகளுக்கு அவர் பட்டியல் போட்டார், அரபு ஏடுகளுக்கு மார்கரெட் போட்டார். மேலே எழுதியிருந்த பெண் புனிதர்களின் வரலாற்றையும் விட்டுவைக்காமல் 1900-ல் பதிப்பித்தார். மற்றவர்களுக்கு அது அடி எழுத்தை மறைத்த இடைஞ்சல். இவர் அதையும் எழுத்தாகப் பார்த்தார். 1910-ல் பழைய சீரிய சுவிசேஷங்களின் முழுப் பதிப்பு வந்தபோது வயது 67.

ஆறாம் நாள், சனி. மடம்

ஒன்பது மணிக்குக் கதவு திறந்தது. தாழ்வான வாசல், குனிந்துதான் போக வேண்டும். பழைய காலத்தில் இந்த வாசலும் கிடையாது, கூடையில் உட்கார வைத்துக் கயிற்றால் மேலே இழுப்பார்களாம். ஜஸ்டினியன் ராஜா ஆறாம் நூற்றாண்டில் கட்டிய சுவர். எரிகிற முட்செடி என்று காட்டும் புதரைச் சுற்றி ஒரே கூட்டம். அக்கா கைகூப்பி நின்றாள்.

நான் நேரே காட்சிக்கூடத்துக்குப் போனேன். ஆறாம் நூற்றாண்டுக் கிறிஸ்து ஓவியத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் கோடெக்ஸ் சைனாய்டிகஸின் பக்கங்கள். நான்காம் நூற்றாண்டுக் கிரேக்க வேதம். அதன் பெரும்பகுதி இங்கே இல்லை. லண்டனில் 347 தாள், லைப்சிக்கில் 43, கொஞ்சம் பீட்டர்ஸ்பர்க்கில். கொண்டுபோனவர் டிஷென்டார்ஃப், பெரிய வேத அறிஞர். அவருடைய கிரேக்கப் புதிய ஏற்பாட்டுப் பதிப்பு இன்றும் ஆராய்ச்சியாளர்களின் கையில் இருக்கிறது, அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1859-ல், கேட்டால் திருப்பித் தருகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஏட்டை வாங்கிப் போனார். பிறகு மடம் அதை ரஷ்ய மன்னருக்குத் தானம் கொடுத்ததாகக் காகிதம் உண்டு, அந்தத் தானம் எப்படி நடந்தது என்ற சண்டை ஓயவில்லை. 1933-ல் சோவியத் அரசு ஒரு லட்சம் பவுண்டுக்கு அதை இங்கிலாந்துக்கு விற்றது. இங்கே மிஞ்சியவை 1975-ல் ஒரு சுவரைச் சரிசெய்யும்போது அகப்பட்டவை.

அந்தக் காயம் ஆறாத மடத்துக்குத்தான் முப்பது வருஷம் கழித்து ஆக்னஸ் வந்தார். படம் எடுத்தார், ஏட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். இன்றும் அது இங்கே நூலகத்தில், சீரியம் 30 என்ற எண்ணில் இருக்கிறது. அடுத்த முறை அவர் வந்தபோது கதவு திறந்தது, அதற்கடுத்த முறையும் திறந்தது. இதை எழுதத்தான் இந்தக் கட்டுரையையே ஆரம்பித்தேன்.

நூலகத்துக்குள் எங்களை விடமாட்டார்கள் என்று தெரியும், கேட்கவும் இல்லை. 2011 முதல் சில ஆண்டுகள் மடத்தாரே ஆராய்ச்சியாளர்களை அழைத்து, பல நிற ஒளியில் 74 பாலிம்ப்செஸ்டுகளைப் படமெடுக்க வைத்தார்கள். ரசாயனம் வேண்டாம், தோலைத் தொடவே வேண்டாம். ஆக்னஸின் ஏடும் அதில் ஒன்று, படங்கள் இணையத்தில் இருக்கின்றன. நேற்றே ஒரு பக்கத்தை டாப்லெட்டில் இறக்கி வைத்திருந்தேன்.

காட்சிக்கூட வாசலில் நின்ற வயதான துறவியிடம் ஆக்னஸ் லூயிஸ் தங்கிய இடம் எது என்று ஆங்கிலத்தில் கேட்டேன். பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. தாடியைத் தடவியபடி வெளியே கையை நீட்டினார். தோட்டம். சைப்ரஸ் மரங்களும் ஒலிவ மரங்களும் தெரிந்தன. எங்கே கூடாரம் இருந்தது என்று துல்லியமாக யாருக்கும் தெரியாது, அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் என்றார்.

சுவரோரம் கல்லில் உட்கார்ந்தோம். வெயில் இதமாக இருந்தது. அக்கா பிளாஸ்கில் இருந்த தேநீரை ஊற்றினாள், விடுதிக்காரர் ஏதோ பச்சிலை போட்டுக் கொடுத்தது. டாப்லெட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கினேன். கறுப்பாக, அழுத்தமாக யோவானின் கை. அதன் அடியில் தேநீர்க் கறை போல இன்னொரு கை, சிறிய உருண்டை எழுத்து. நடுவில் ஒன்றும் புரியவில்லை. விரலால் தள்ளி ஓரத்துக்குப் போனேன்.

"கண்ணாடிய குடு" என்று அக்கா வாங்கிப் போட்டுக்கொண்டு குனிந்தாள். "இந்தா, இங்க ஒண்ணு தெளிவாத் தெரியுதே. இது என்ன எழுத்து?"

வலது பக்கம் வளைந்து, இடது பக்கம் கால் நீட்டிய எழுத்து.

"மீம்" என்றேன். "நம்ம ம."

"அடுத்தது?"

டாப்லெட்டை வெயில் படாமல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அடுத்த எழுத்தைத் தேடினேன்.